திறந்த பின்னும் தொடும் கை

இன்டெல் வகை 64 பிட் லினக்ஸ் கணினியில், ஜிலிப்சி என்ற குனு சி நூலகம் தரும் மியூடெக்ஸ் பூட்டு நினைவகத்தில் 40 பைட் இடம் பிடிக்கிறது. அதை அழிப்பதற்கென்றே அந்த நூலகத்தில் ஒரு செயற்கூறு உண்டு. அதன் உள்ளே போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தப் பூட்டை யாராவது வைத்திருப்பதாகக் கணக்கு காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்க்கிறது. இல்லையென்றால் பூட்டின் வகையைக் குறித்துவைத்த இடத்தில் மைனஸ் 1 என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறது. நினைவகத்தை விடுவிப்பதில்லை, இயங்குதளத்தின் கருவான கெர்னலைக் கூப்பிடுவதில்லை, யாரையும் எழுப்புவதுமில்லை.

ஓர் எண்ணை எழுதும் இந்த வேலையை எப்போது செய்யலாம் என்ற கேள்விக்குத்தான் இயங்குதள உலகம் பல ஆண்டுகள் செலவழித்திருக்கிறது. எழுதுவது எளிது. அந்த நொடியில் அந்த 40 பைட்டை வேறு எவரும் தொடவில்லை, இனித் தொடவும் மாட்டார்கள் என்று உறுதி சொல்வது கடினம்.

பூட்டு எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நிரலுக்குள் பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எல்லாம் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. ஓர் எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, திருப்பி எழுதும் வேலையை இரண்டு இழைகள் ஒரே சமயத்தில் செய்தால் இரண்டு கூடவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் கூடலாம். ஆகவே அந்தப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் நுழையலாம் என்று கட்டுப்பாடு வேண்டும். 1965-இல் டச்சுக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒற்றைப் பக்கக் கட்டுரையில் இந்தச் சிக்கலை வகுத்து, எத்தனை கணினிகள் போட்டியிட்டாலும் செல்லுபடியாகும் தீர்வையும் கொடுத்தார். அந்தத் தீர்வில் கவனிக்க ஒன்று இருக்கிறது. அதில் வரும் பொது மாறிகள் எல்லாம் என்றென்றும் இருப்பவை. அவற்றை யாரும் உருவாக்குவதில்லை, அழிப்பதுமில்லை. பூட்டுக்கு ஆயுள் உண்டு என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலையில் இழைகளுக்கான பகுதி வந்தபோது நிலைமை வேறு. நிரல்கள் ஓடும்போதே ஆயிரக்கணக்கான பொருள்களை உருவாக்கி, முடிந்ததும் வீசிவிடுகின்றன. ஒவ்வொரு பொருளும் தன் வயிற்றுக்குள் ஒரு பூட்டை வைத்திருக்கிறது. பொருள் அழியும்போது பூட்டும் அழியவேண்டும். இங்கேதான் வம்பு தொடங்குகிறது.

ஒரு படம் பார்க்கும் செயலியை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அதைத் திரையில் காட்ட ஓர் இழை, சிறிய வடிவம் தயாரிக்க இன்னோர் இழை. படத்தின் கூடவே இரண்டு சங்கதிகள் சேமிக்கப்பட்டிருக்கின்றன: எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை, அந்த எண்ணிக்கையைக் காக்கும் பூட்டு. வேலை முடிந்த இழை பூட்டிக்கொண்டு, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, பூட்டைத் திறந்துவிட்டுப் போகிறது. குறைத்தபோது எண்ணிக்கை பூஜ்யமானால், கடைசி ஆள் தான்தான் என்று அதற்குத் தெரியும். அது பூட்டைத் திறந்து, பூட்டை அழித்து, படம் இருந்த நினைவகத்தையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கிட்டத்தட்ட இதே வடிவத்தில் ஓர் எடுத்துக்காட்டைப் போசிக்ஸ் ஆவணமே தருகிறது. இது செல்லும், திறந்த அடுத்த கணமே பூட்டை அழிக்கலாம் என்றும் சொல்கிறது.

இப்போது மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். அ என்ற இழை பூட்டைப் பிடித்து எண்ணிக்கையை 2-இலிருந்து 1 ஆக்குகிறது. தன் வேலை முடிந்தது என்று திறக்கும் செயற்கூறை அழைக்கிறது. அந்தச் செயற்கூறு பூட்டு திறந்தது என்று நினைவகத்தில் குறித்த மறுநொடியே, வேறொரு பிராசசர் உள்ளகத்தில் ஓடும் ஆ உள்ளே நுழைந்துவிடலாம். ஆ எண்ணிக்கையை 0 ஆக்குகிறது, திறக்கிறது, அழிக்கிறது, நினைவகத்தை விடுவிக்கிறது. எல்லாம் சட்டப்படிதான். ஆனால் அ எங்கே? அது இன்னும் திறக்கும் செயற்கூறுக்குள்ளேயே நிற்கிறது. அதற்கு இன்னும் இரண்டு மூன்று கட்டளைகள் பாக்கி.

கல்யாண வீட்டில் பந்தல் பிரிக்க வருகிறவர் “எல்லாரும் கிளம்பியாச்சா?” என்று கேட்பார். கிளம்பியாச்சு என்று பதில் வரும். தாம்பூலப் பை வாங்கி, சொல்லிக்கொண்டும் கிளம்பிவிட்ட பெரியவர் ஒருவர் மட்டும், வாசல் மூங்கிலைப் பிடித்தபடி செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். கணக்குப்படி அவர் போய்விட்டார். கை இன்னும் மூங்கிலில் இருக்கிறது.

பூட்டை அழிப்பது பற்றிப் பேசும்போது பலரும் அழிப்பவர்மேல்தான் கண் வைப்பார்கள். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை பூட்டிப் பார்த்துக்கொள், யாரும் உள்ளே இல்லை என்று உறுதிசெய் என்பார்கள். எனக்கு இது தவறான இடத்தில் வைத்த கண் என்று தோன்றுகிறது. ஆபத்து அழிப்பவரிடம் இல்லை, அப்போதுதான் வெளியேறிக்கொண்டிருப்பவரிடம் இருக்கிறது. திறத்தல் என்பது வெளியே இருப்பவருக்கு ஒரு கணம், திறப்பவருக்கு ஒரு கால அளவு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள்தான் இந்த அத்தியாயத்தின் பிழைகள் எல்லாம் குடியிருக்கின்றன.

*

திறக்கும் செயற்கூறுக்குப் பூட்டு திறந்த பிறகும் என்ன வேலை? தூங்குபவர்களை எழுப்பும் வேலை.

பூட்டு கிடைக்காத இழை சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் பிராசசர் நேரம் வீண். எனவே கெர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறது. பழைய முறைகளில் பூட்டவும் திறக்கவும் ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய்வர வேண்டியிருந்தது. அந்தப் பயணம் விலையுயர்ந்தது. 2002-இல் ஹூபர்டஸ் ஃபிராங்கே, ரஸ்டி ரஸ்ஸல், மேத்யூ கிர்க்வுட் மூவரும் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் ஃபியூடெக்ஸ் என்ற ஏற்பாட்டை விளக்கினார்கள். போட்டியே இல்லாதபோது கெர்னலைத் தொந்தரவு செய்யவேண்டாம், நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், யாராவது தூங்கவேண்டி வந்தால் மட்டும் கெர்னலிடம் போகலாம் என்பது அதன் சாரம்.

அந்த எண்ணுக்கு மூன்று மதிப்புகள். 0 என்றால் திறந்திருக்கிறது. 1 என்றால் பூட்டியிருக்கிறது, காத்திருப்போர் இல்லை. 2 என்றால் பூட்டியிருக்கிறது, யாரோ காத்திருக்கக்கூடும். இந்த மூன்றை வைத்துச் சரியான பூட்டு செய்வது எவ்வளவு வழுக்கல் என்பதை ஜிலிப்சியைப் பராமரித்துவந்த உல்ரிச் ட்ரெப்பர் ஒரு முழுக் கட்டுரையாகவே எழுதினார். தலைப்பிலேயே ஃபியூடெக்ஸ் தந்திரமானது என்று எச்சரித்துவிட்டார்.

திறப்பதற்கு இரண்டு படிகள். முதல் படி: எண்ணை ஒரே வீச்சில் 0 ஆக்கி, பழைய மதிப்பு என்ன என்று பார்ப்பது. இரண்டாம் படி: பழைய மதிப்பு 2 என்றால், இந்த முகவரியில் காத்திருப்பவர் ஒருவரை எழுப்பு என்று கெர்னலிடம் கேட்பது. நம் இடைவெளி இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

காத்திருக்கும் ஆ எழுப்பப்பட்டால்தானே உள்ளே வரமுடியும், எழுப்பும் வேலை முடியாமல் ஆ எப்படி நுழைந்து அழித்தது என்று கூர்மையான வாசகர் கேட்பார். நல்ல கேள்வி. ஆ தூங்கப்போகும் தறுவாயில் எண்ணை 2 என்று மாற்றுகிறது. பிறகு கெர்னலிடம் போய், எண் இன்னும் 2 ஆக இருந்தால் என்னைத் தூங்கவை என்கிறது. அதற்குள் அ எண்ணை 0 ஆக்கிவிட்டது. எண் மாறிவிட்டது, தூங்கவேண்டாம் என்று கெர்னல் ஆவைத் திருப்பி அனுப்புகிறது. ஆ யாரும் எழுப்பாமலே பூட்டைப் பிடிக்கிறது, வேலையை முடிக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகிறது. அ கையிலோ பழைய மதிப்பு 2 என்ற செய்தி இருக்கிறது. அது கடமை தவறாமல், இப்போது இல்லாத ஒரு பூட்டின் முகவரியைச் சொல்லி, அங்கே இருப்பவரை எழுப்பு என்று கெர்னலைக் கேட்கிறது.

இந்த இடத்தில் ஃபியூடெக்ஸ் வடிவமைப்பு காப்பாற்றுகிறது. ஒரே நிரலுக்குள் மட்டும் பயன்படும் பூட்டுக்கு, எழுப்பும் அழைப்பு அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதேயில்லை. முகவரி ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயரில் தூங்குபவர் பட்டியலில் யாராவது உண்டா என்று கெர்னல் தேடுகிறது, இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுகிறது. அதே இடத்தில் இதற்குள் புதிதாக வேறொரு பூட்டு முளைத்து, அதில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தால், அவர் காரணமில்லாமல் எழுவார். சுற்றும் முற்றும் பார்த்து, பூட்டு இன்னும் கிடைக்கவில்லை என்று கண்டு மறுபடி தூங்குவார். ஃபியூடெக்ஸ் பயன்படுத்தும் எந்த நிரலும் காரணமற்ற விழிப்பைத் தாங்கும்படி எழுதப்படவேண்டும் என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, முகவரியைச் சொல்லலாம், முகவரிக்குப் போகக்கூடாது. முதல் படிக்குப் பிறகு பூட்டின் நினைவகத்திலிருந்து ஒரு பைட்கூடப் படிக்கக்கூடாது. விதி இவ்வளவுதான். ஜிலிப்சி இதைப் பல ஆண்டுகள் மீறிக்கொண்டிருந்தது.

*

மீறல் மிக அப்பாவித்தனமானது. 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.22-இல், இந்தப் பூட்டு ஒரே நிரலுக்குள் மட்டுமா, பல நிரல்கள் பகிர்வதா என்று ஃபியூடெக்ஸ் அழைப்பிலேயே சொல்லும் வசதி சேர்ந்தது. ஒரே நிரலுக்குள் என்றால் கெர்னலுக்கு வேலை மிச்சம். இந்தத் தகவலை ஜிலிப்சி எங்கே வைத்திருந்தது? பூட்டுக்குள்ளேயே. எப்போது படித்தது? எழுப்பும் அழைப்பைத் தயாரிக்கும்போது, அதாவது எண்ணை 0 ஆக்கிய பிறகு. அந்த ஒரு படிப்பு, விடுவிக்கப்பட்ட நினைவகத்தின் மேல் விழக்கூடும்.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விடுவித்த நினைவகம் உடனே காணாமல் போவதில்லை. படித்த மதிப்பு குப்பையாக இருந்தாலும், அழிந்த பூட்டில் எழுப்ப ஆள் இல்லாததால் தீங்கில்லை. ஆனால் அந்தப் பக்கமே இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தால் நிரல் அங்கேயே விழுந்து சாகும். கோடி முறையில் ஒருமுறை நடந்தாலும், நிரலாளர் தன் நிரலை வரிவரியாகத் தேடி எதுவும் கண்டுபிடிக்கமாட்டார், ஏனென்றால் அவர் நிரலில் தவறே இல்லை.

ஜிலிப்சியின் பிழைப் பதிவேட்டில் 13690 என்ற எண்ணில் இது 2012-இல் பதிவானது. தீர்வு 2015 இறுதியில்தான் சேர்ந்தது. தீர்வின் பெரும்பகுதி, அந்தத் தகவலைத் திறப்பதற்கு முன்னாலேயே படித்து வைத்துக்கொள்வதுதான். சில வரிகள் இடம் மாறின. ஏன் இத்தனை காலம் என்று கேலி செய்யத் தோன்றும். அந்த ஆண்டுகளில் நடந்தது பெரிதும் வாதம். இப்படிப்பட்ட பயன்பாடு உண்மையிலேயே செல்லுமா, தரநிலை இதைத்தான் கேட்கிறதா, எழுப்பும் அழைப்பு வேறு யாரையோ எழுப்பினால் பரவாயில்லை என்று கெர்னல் பக்கம் ஒப்புக்கொள்கிறதா என்று எல்லாவற்றையும் தெளிவாக்கிக்கொள்ளவேண்டியிருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை, ஓர் எண்ணிக்கையை வைத்து இழைகளை உள்ளே விடும் செமஃபோர் என்ற சாதனத்தில் இருந்தது. 2011-இல் பதிவான 12674. மதிப்பைக் கூட்டிய பிறகு, காத்திருப்போர் எத்தனை என்று செமஃபோருக்குள் எட்டிப் பார்த்தது நூலகம். அதற்கு 2015 தொடக்கத்தில் வந்த 2.21 பதிப்பில் செமஃபோரையே புதிதாக எழுதவேண்டி வந்தது.

*

லினக்ஸ் கெர்னலுக்குள் கதை வேறு மாதிரி போனது. கெர்னலுக்கென்று தனி மியூடெக்ஸ் உண்டு. அது போசிக்ஸ் தரநிலைக்குக் கட்டுப்பட்டதல்ல.

2013 ஜூலையில் ஒரு விசித்திரமான பிழை அறிக்கை வந்தது. கெர்னல் நினைவகம் ஒதுக்கும் இடத்தில் தடுமாறி விழுகிறது. பார்த்தால் ஓர் இடத்தில் ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது. நினைவக ஒதுக்கீட்டில் பிழையில்லை. வன்பொருள் கோளாறு என்று கைகழுவிவிடக்கூடிய வகை. நோயின் வேர் வேறெங்கோ இருந்தது என்பது தெரிய டிசம்பர் ஆனது.

வேர், பைப் என்ற சாதாரணமான வசதியில் இருந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாகப் பாய்ச்சும் குழாய் அது. பைப்பை மூடும்போது கெர்னல் செய்தது நம் புகைப்பட உதாரணமேதான்: பைப்பின் மியூடெக்ஸைப் பூட்டு, பயன்படுத்துவோர் எண்ணிக்கையைக் குறை, மியூடெக்ஸைத் திற, பூஜ்யமானால் பைப்பையே விடுவி. விடுவிப்பது கடைசியில்தான் நடக்கிறது, எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் கெர்னல் மியூடெக்ஸ் தன் காத்திருப்போர் பட்டியலைக் காக்க, தனக்குள்ளே ஒரு சின்னச் சுழல்பூட்டை (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கவைக்கும் பூட்டு) வைத்திருந்தது. மியூடெக்ஸ் திறந்தது என்று அறிவித்த பிறகுதான் அந்தச் சுழல்பூட்டைத் திறக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு பிராசசர் மியூடெக்ஸைப் பிடித்து, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, பைப்பை விடுவித்துவிடலாம்.

அந்தக் காலத்துச் சுழல்பூட்டைத் திறப்பது என்றால் அதற்குள் இருக்கும் ஓர் எண்ணில் ஒன்றைக் கூட்டுவது. ஆகவே முதல் இழை, பைப் இருந்த இடத்தில் இப்போது குடிவந்திருக்கும் வேறு ஏதோ ஒரு பொருளுக்குள் போய் ஒன்றைக் கூட்டிவிட்டு நிம்மதியாக வெளியேறியது. அந்த ஒன்றுதான் பல ஆயிரம் வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத நினைவக ஒதுக்கீட்டில் ஒற்றைப் பிட் கோளாறாகத் தலைகாட்டியது. கண்டுபிடிக்க உதவும் சோதனைக் கருவிகளைச் சேர்த்தால் ஓட்டம் மெதுவாகி, இடைவெளி பொருந்தாமல் பிழை ஒளிந்துகொண்டது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் செய்த திருத்தம் சுவையானது. அவர் மியூடெக்ஸைத் திருத்தவில்லை. பைப்பின் எண்ணிக்கையை உண்மையில் காத்துக்கொண்டிருந்தது பைப்புக்கு வெளியே, கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடு என்ற வேறொரு பொருளில் இருந்த சுழல்பூட்டு. எனவே பைப்பின் மியூடெக்ஸை முன்கூட்டியே திறந்துவிட்டு, அதன் பிறகு வெளியே இருக்கும் பூட்டின் காவலில் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். எண்ணிக்கையைக் குறைப்பவர் அந்த நேரத்தில் பைப்பின் மியூடெக்ஸிலிருந்து முழுவதும் கையை எடுத்திருப்பார்.

கெர்னல் ஆவணம் இந்த நிலையை வெளிப்படையாக எழுதிவைக்க இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. கெர்னல் மியூடெக்ஸைத் திறப்பது பிரிக்கமுடியாத ஒற்றைச் செயல் அல்ல, திறக்கும் வேலை முழுதும் முடியும்வரை பூட்டு அழியாமல் பார்த்துக்கொள்வது பயன்படுத்துபவரின் பொறுப்பு என்ற எச்சரிக்கை 2023 இறுதியில்தான் சேர்ந்தது.

ஒரே கேள்விக்குப் போசிக்ஸ் ஒரு பதிலும் லினக்ஸ் கெர்னல் எதிர்ப்பதிலும் சொல்கின்றன. போசிக்ஸ், நூலகம் எழுதுபவரே பாடுபடட்டும் என்கிறது. கெர்னல், பூட்டைப் பயன்படுத்துபவர் கவனமாக இருக்கட்டும் என்கிறது. எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. கெர்னல் எழுதுபவர் மியூடெக்ஸின் உள்ளே திறந்து பார்க்கலாம். சாதாரண நிரலாளருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு செயற்கூறின் பெயர் மட்டும். உள்ளே பார்க்கமுடியாதவரிடம் உள்ளே இருக்கும் ஆபத்துக்குப் பொறுப்பேற்கச் சொல்வது அநியாயம்.

*

இதுவரை சொன்னவற்றில் நிரல் விழுகிறது அல்லது தடுமாறுகிறது. வட்டில் இருக்கும் கோப்பே கெட்டுப்போகும் வகை ஒன்றும் உண்டு.

பல நிரல்கள் பகிரும் பூட்டை வைத்திருக்கும் நிரல் திடீரென்று செத்தால், மற்றவர்கள் என்றென்றும் காத்திருப்பார்கள். இதற்காக 2006-இல் லினக்ஸ் 2.6.17 ரோபஸ்ட் ஃபியூடெக்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் இழையும் தான் வைத்திருக்கும் பூட்டுகளின் பட்டியலைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும். இழை செத்தால் கெர்னல் அந்தப் பட்டியலைப் புரட்டி, பூட்டுக்குள் இருக்கும் உரிமையாளர் எண் செத்தவருடையது என்றால், உரிமையாளர் இறந்தார் என்று ஒரு பிட்டை ஏற்றிவைக்கும். பட்டியலில் சேர்க்கும்போதோ நீக்கும்போதோ இழை செத்துவிட்டால்? அதற்காக, இப்போது இந்தப் பூட்டில் கைவைத்திருக்கிறேன் என்று குறிக்கும் தனிக் குழி ஒன்றும் உண்டு.

இப்போது நம் இடைவெளியை இங்கே வைத்துப் பாருங்கள். இழை பூட்டைத் திறந்துவிட்டது, குழியிலுள்ள முகவரியை இன்னும் அழிக்கவில்லை. அதற்குள் அதே நிரலின் இன்னோர் இழை பூட்டை அழித்து, பகிர்ந்த நினைவகத்தை விலக்கி, அதே முகவரியில் ஏதோ ஒரு கோப்பைப் பதிக்கிறது. அந்தக் கோப்பில் அந்த இடத்திலிருக்கும் எண் தற்செயலாக முதல் இழையின் அடையாள எண்ணாக இருக்கிறது. அந்த நொடியில் யாரோ நிரலைக் கொல்கிறார்கள். கெர்னல் குழியைப் பார்க்கிறது, முகவரிக்குப் போகிறது, உரிமையாளர் எண் பொருந்துகிறது என்று கண்டு ஒரு பிட்டை ஏற்றுகிறது. அது கோப்பில் பதிந்துவிடுகிறது.

இத்தனை தற்செயல்களும் ஒன்றுகூடுமா என்று சிரிக்கலாம். மசல் என்ற சிறிய சி நூலகத்தை எழுதிவரும் ரிச் ஃபெல்கர் சிரிக்கவில்லை. அந்த நூலகத்தில், நிரல்கள் பகிரும் இத்தகைய பூட்டை அழிக்கும் செயற்கூறு, எந்த இழையின் குழியிலும் முகவரி பாக்கியில்லை என்று ஆகும்வரை காத்திருக்கிறது. நினைவகத்தை விலக்கும் செயற்கூறும் காத்திருக்கிறது. ஜிலிப்சியிலும் காத்திருக்கும் அழிப்பு ஒன்று உண்டு. நிபந்தனை மாறி எனப்படும் சாதனத்தில் தூங்கும் எல்லோரையும் எழுப்பிவிட்டு உடனே அதை அழிக்கலாம் என்கிறது போசிக்ஸ். எழுந்தவர்கள் இன்னும் அதற்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருப்பார்கள். எனவே அழிக்கும் செயற்கூறு கடைசி ஆள் வெளியேறும்வரை நிற்கிறது. மியூடெக்ஸுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்பதுதான் அதன் வேகத்தின் ரகசியம், அதன் வம்பும் அதுவே.

*

நிரலாளர் என்ன செய்யலாம்? முதலில், செய்யக்கூடாதவை. அழிக்கும் செயற்கூறு சில சமயம் பூட்டு பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழைக்குறி தரும். அதை நம்பி, பிழைக்குறி போகும்வரை திரும்பத் திரும்ப அழித்துப் பார்க்கும் நிரல்கள் உண்டு. அந்தப் பதில் கேட்ட கணத்தின் நிலையைச் சொல்கிறது. அடுத்த கணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பூட்டிய நிலையிலேயே அழிப்பது இன்னும் மோசம், தரநிலை அதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அடுத்து, போசிக்ஸ் வாக்குறுதி முழுமையாகக் காப்பாற்றப்பட்டாலும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. பூட்டின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் பூட்டும் செயற்கூறை அழைக்காத இழை ஒன்று இருந்தால்? அதை எந்தப் பூட்டும் பார்க்காது. ஒரு பொருளுக்குள் இருக்கும் பூட்டு, அந்தப் பொருளைத் தேடி வருபவரைக் காக்கமுடியாது, ஏனென்றால் பூட்டைத் தொடவே அந்தப் பொருள் உயிரோடு இருந்தாகவேண்டும். எனவே தேடிக் கண்டுபிடித்து எண்ணிக்கையை ஏற்றும் வேலை, வெளியே நிலையாக நிற்கும் வேறொரு பூட்டின் காவலில் நடக்கவேண்டும். டோர்வால்ட்ஸ் பைப்பில் செய்ததும் இதன் உறவுதான். பூட்டின் ஆயுளைப் பூட்டுக்கு வெளியே உள்ள ஒன்றுதான் முடிவுசெய்ய முடியும்.

இன்னொரு வழி, அவசரப்படாமல் இருப்பது. 2002-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஆர்சியு முறை பொருளை உடனே விடுவிப்பதில்லை. பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, அப்போது படித்துக்கொண்டிருந்த அனைவரும் ஒருமுறையாவது வெளியேறிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு விடுவிக்கிறது. சிறிய நிரல்களுக்கு இவ்வளவு வேண்டாம். இழைகள் எல்லாம் முடியும்வரை காத்திருந்து, அவற்றை ஜாயின் செய்த பிறகு பூட்டை அழித்தால் எந்தச் சிக்கலும் வராது. அலுப்பூட்டும் வழி, ஆனால் நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

நூலகம் எழுதுபவர்களுக்கு ஒரு தனித் தலைவலி. நூலகத்துக்குள் நிரந்தரமாக இருக்கும் பூட்டை நிரல் முடியும்போது துப்புரவாக அழிக்கவேண்டும் என்று ஓர் ஆசை வரும். நிரல் முடிகிறது என்று அறிவிக்கும் செயற்கூறு, துப்புரவு வேலைகளை ஒவ்வொன்றாக நடத்தும்போது மற்ற இழைகள் இன்னும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அழிந்த பூட்டைப் பூட்டப் பார்த்தால், வேலையெல்லாம் ஒழுங்காக முடித்த நிரல் கடைசி மில்லிவினாடியில் விழும். பயனர் கண்ணுக்கு, மூடும்போதெல்லாம் பிழைச்செய்தி காட்டும் செயலி. நிரல் முடிந்ததும் அதன் நினைவகம் முழுவதையும் இயங்குதளம் பிடுங்கிக்கொள்ளப்போகிறது. அதில் ஒரு மூலையைப் பெருக்கி வைப்பதால் யாருக்கும் லாபமில்லை. கூகுளின் சி பிளஸ் பிளஸ் நடைவிதிகள், அழிக்கும்போது வேலை செய்யும் எந்தப் பொருளையும் நிரந்தரப் பொருளாக வைக்கவே அனுமதிப்பதில்லை. ஜிலிப் நூலகமும், நிரந்தரமாக அறிவித்த மியூடெக்ஸைத் துப்புரவு செய்யவேண்டியதில்லை என்கிறது. இந்தச் சலுகை செல்லாத ஓர் இடம் பிளக்இன். நிரல் ஓடும்போதே அது கழற்றப்படுகிறது. அப்போது பூட்டு மட்டுமில்லை, பூட்டைத் திறக்கும் நிரல் வரிகளே காணாமல் போகின்றன. அங்கே எல்லா இழைகளையும் நிறுத்திவிட்டுக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஜாவாவிலும் கோ மொழியிலும் பூட்டை அழிக்கும் செயற்கூறே கிடையாது. யாரும் சுட்டாத பொருளைக் குப்பை சேகரிப்பான் தானே எடுத்துக்கொள்ளும். வெளியேறிக்கொண்டிருக்கும் இழை இன்னும் சுட்டிக்கொண்டிருப்பதால், அதுவரை பொருள் அழியாது. ரஸ்ட் மொழியில் குப்பை சேகரிப்பான் இல்லை. பூட்டை வைத்திருப்பதற்கு அடையாளமாக ஒரு காவல் பொருள் உண்டு. அது உயிரோடிருக்கும்வரை பூட்டை அழிக்கும் நிரலைக் கம்பைலர் ஏற்காது. இருந்தும் ஒரு சந்து இருக்கிறது. காவல் பொருளைத் திறக்காமலே மறந்துவிடும் உரிமையை அந்த மொழி நிரலாளருக்குத் தந்திருக்கிறது. அப்படி மறந்தால் பூட்டு பூட்டியபடியே அழிவுக்கு வந்து நிற்கும். லினக்ஸில் 2022-இல் வந்த 1.62 பதிப்பு முதல் ரஸ்ட் நேரடியாக ஃபியூடெக்ஸையே பயன்படுத்துவதால் அழிக்க ஒன்றுமில்லை. போசிக்ஸ் மியூடெக்ஸை நம்பியிருக்கும் தளங்களில், அதன் நூலகம் அழிப்பதற்கு முன் ஒருமுறை பூட்டிப் பார்க்கிறது. பூட்ட முடிந்தால் திறந்து அழிக்கிறது. முடியாவிட்டால் அந்தப் பூட்டின் நினைவகத்தை விடுவிக்காமல், அப்படியே கசியவிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறது.